அமெரிக்கக் கவுண்டிகளில் புற்றுநோய் நிகழ்வு விகிதம்: ஊரகமும் நகரமும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் புற்றுநோய் நகரங்களில் அதிகமா, ஊரகங்களில் அதிகமா?

எல்லாப் புற்றுநோய்களையும் ஒன்றாகச் சேர்த்துக் கணக்கிட்டால், புதிதாகக் கண்டறியப்படும் நோயின் விகிதம் நகர்ப்புறக் கவுண்டிகளில் (மாவட்டம் போன்ற நிர்வாக அலகுகளில்) சற்று அதிகம். புற்றுநோயால் இறப்போரின் விகிதமோ ஊரகக் கவுண்டிகளில் அதிகம். சிடிசி என்று சுருக்கமாக அழைக்கப்படும் அமெரிக்க நோய்க் கட்டுப்பாடு மற்றும் தடுப்பு மையம் 2017 ஜூலையில் வெளியிட்ட அறிக்கை இவ்விரண்டையும் அருகருகே வைத்துக் காட்டியது. ஒரு லட்சம் பேருக்கு ஊரகங்களில் ஆண்டுதோறும் 180 பேரும் நகரங்களில் 158 பேரும் புற்றுநோயால் இறந்திருந்தனர். அதே அறிக்கையில் புதிய நோயாளிகளின் விகிதம் ஊரகங்களில் குறைவாகவே இருந்தது.

இந்த முரணைக் கண்டு பலர் குழம்புகிறார்கள். சிலர் ஊரகத்தின் குறைந்த நிகழ்வு விகிதத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, தூய காற்றும் அமைதியான வாழ்வும் நோயைத் தடுக்கின்றன என்று முடிவுக்கு வருகிறார்கள். தரவுகள் அந்த முடிவுக்கு இடம் தருவதில்லை. மொத்த விகிதம் என்பது நுரையீரல், மார்பகம், பெருங்குடல், ஆண்களின் புராஸ்டேட் சுரப்பி என்று வெவ்வேறு காரணங்களால் வரும் வெவ்வேறு நோய்களின் கூட்டல். அவற்றுள் சில நகரத்தில் அதிகம், சில ஊரகத்தில் அதிகம். கூட்டிப் பார்க்கும்போது ஒன்றை மற்றொன்று மறைத்துவிடுகிறது.

நிகழ்வு விகிதம் என்பது சரியாக எதைக் குறிக்கிறது?

ஓர் ஆண்டில், ஒரு லட்சம் பேரில் எத்தனை பேருக்குப் புதிதாகப் புற்றுநோய் கண்டறியப்பட்டது என்பதே நிகழ்வு விகிதம். ஏற்கெனவே நோயுடன் வாழ்பவர்கள் இதில் சேர மாட்டார்கள். இறந்தவர்களின் கணக்கு வேறு.

புற்றுநோய் பெரும்பாலும் வயது ஏற ஏற வருவது. இளைஞர்கள் வேலை தேடி வெளியேறிவிட்டதால் முதியவர்களே மிகுந்திருக்கும் ஓர் ஊரகக் கவுண்டியையும், பல்கலைக்கழக மாணவர்கள் நிறைந்த ஒரு நகரக் கவுண்டியையும் அப்படியே ஒப்பிட்டால், முதியவர்களின் ஊர் நோயால் சூழப்பட்டதைப் போலத் தோன்றும். அந்தப் பிழையை நீக்குவதற்காக, ஒவ்வொரு கவுண்டியின் விகிதத்தையும் 2000ஆம் ஆண்டின் அமெரிக்க மக்கள்தொகையின் வயதுப் பகிர்வுக்கு ஏற்ப மாற்றிக் கணக்கிடுகிறார்கள். இதை வயதுச் சீரமைப்பு என்பார்கள். இங்கே குறிப்பிடப்படும் ஊரக, நகர விகிதங்கள் அவ்வாறு சீரமைக்கப்பட்டவை. ஆகவே, ஊரகத்தில் இறப்பு அதிகமாக இருப்பதற்கு அங்கே முதியவர்கள் அதிகம் என்பதைக் காரணமாகச் சொல்ல முடியாது.

ஒரு கவுண்டி ஊரகமா, நகரமா என்பதை யார் முடிவு செய்கிறார்கள்?

கவுண்டி என்பது மாநிலத்திற்குக் கீழே உள்ள நிர்வாக அலகு. நம் மாவட்டத்தோடு ஒப்பிடலாம் என்றாலும் அளவில் பெரும் வேறுபாடு உண்டு. அமெரிக்காவில் 3,100க்கும் மேற்பட்ட கவுண்டிகள் இருக்கின்றன. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, கலிஃபோர்னியாவின் லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டியில் ஒரு கோடிப் பேர் வாழ்ந்தார்கள். டெக்சாஸின் லவிங் கவுண்டியில் வாழ்ந்தவர்கள் 64 பேர். இரண்டும் அட்டவணையில் ஒவ்வொரு வரிதான்.

ஆய்வாளர்கள் பெரிதும் பயன்படுத்துவது அமெரிக்க வேளாண் துறையின் ஊரக–நகரத் தொடர்ச்சிக் குறியீடு. அது கவுண்டிகளை 1 முதல் 9 வரை வரிசைப்படுத்துகிறது. 1, 2, 3 ஆகியவை பெருநகரப் பகுதிகளைச் சேர்ந்த கவுண்டிகள். 4 முதல் 9 வரையிலானவை பெருநகரம் சாராதவை. பத்தாண்டுகளுக்கு ஒருமுறை இது திருத்தப்படுகிறது; அண்மைய திருத்தம் 2023இல் வந்தது. திருத்தத்தின்போது ஒரு கவுண்டி ஊரகப் பட்டியலிலிருந்து நகரப் பட்டியலுக்கு மாறிவிடக்கூடும் என்பதால், வெவ்வேறு பத்தாண்டுகளின் ஆய்வுகளை ஒப்பிடுபவர்கள் எந்த ஆண்டின் குறியீடு பயன்படுத்தப்பட்டது என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

கவுண்டியை அலகாகக் கொள்வதில் மற்றொரு குறையும் உண்டு. கலிஃபோர்னியாவின் சான் பெர்னார்டினோ கவுண்டி கேரளத்தைவிடப் பரப்பளவில் பெரியது. அதன் தென்மேற்கு மூலையில் மக்கள் நெருங்கி வாழும் நகரங்கள் இருப்பதால் முழுக் கவுண்டியும் பெருநகரப் பட்டியலில் சேர்ந்துவிடுகிறது. மொஹாவே பாலைவனத்தின் நடுவில், மருத்துவமனையிலிருந்து நெடுந்தூரத்தில் வாழ்பவரும் அந்தக் கணக்கில் நகரவாசியே. அவருடைய நிலை நகரச் சராசரியில் கரைந்துபோகிறது.

இந்த எண்கள் எங்கிருந்து வருகின்றன? நம்பத்தக்கவையா?

மாநிலப் புற்றுநோய்ப் பதிவேடுகளிலிருந்து வருகின்றன. 1971இல் நிறைவேறிய தேசியப் புற்றுநோய்ச் சட்டத்தைத் தொடர்ந்து, 1973இல் தேசியப் புற்றுநோய் நிறுவனம் சீர் என்ற பதிவுத் திட்டத்தைத் தொடங்கியது. அது நாட்டின் சில பகுதிகளை மட்டுமே உள்ளடக்கியது. மற்ற மாநிலங்களிலும் பதிவேடுகள் அமைய வழிசெய்யும் சட்டத்தை நாடாளுமன்றம் 1992இல் இயற்றியது; அந்தப் பணியைச் சிடிசி நடத்துகிறது. இன்று இவ்விரண்டும் சேர்ந்து நாடு முழுவதையும் உள்ளடக்குகின்றன. மருத்துவமனைகளும் நோய்க்குறியியல் ஆய்வகங்களும் ஒவ்வொரு புதிய நோயாளியின் விவரத்தையும் பதிவேட்டுக்கு அனுப்பியாக வேண்டும் என்பது சட்டம்.

ஒரு நுணுக்கத்தை நினைவில் கொள்ள வேண்டும். நோயாளி எந்த மருத்துவமனைக்குப் போனார் என்பதைக் கொண்டு கவுண்டி தீர்மானிக்கப்படுவதில்லை. நோய் கண்டறியப்பட்டபோது அவர் எங்கே வசித்தார் என்பதே கணக்கு. ஆகவே, ஊரகவாசிகள் நகர மருத்துவமனைக்குச் செல்வதால்தான் நகர விகிதம் ஏறுகிறது என்ற வாதம் தவறு. அதே வேளையில், நாற்பது ஆண்டுகள் ஒரு சுரங்க ஊரில் வேலை செய்துவிட்டு, ஓய்வுக்குப் பின் மகளோடு நகரத்தில் தங்கியிருக்கும்போது நோய் கண்டறியப்பட்டவர் நகரக் கணக்கில்தான் ஏறுவார். பெரும்பாலான புற்றுநோய்கள் உருவாகப் பல்லாண்டுகள் ஆகும் என்பதால் இது சிறிய செய்தி அன்று.

நோய் குறைவாகக் கண்டறியப்படும் இடத்தில் இறப்பு மட்டும் எப்படி அதிகமாகிறது?

இந்தக் கேள்விதான் எல்லாவற்றிலும் முக்கியமானது. விடை மூன்று இழைகளாகப் பின்னிக்கிடக்கிறது.

முதலாவது, எந்தப் புற்றுநோய் என்பது. ஊரகங்களில் அதிகம் காணப்படும் நுரையீரல் புற்றுநோய் உயிரைப் பறிக்கும் வாய்ப்பு மிகுந்தது. நகரங்களில் மொத்த விகிதத்தை உயர்த்துபவை பெரும்பாலும் மார்பகம், புராஸ்டேட், தைராய்டு போன்றவை. உரிய காலத்தில் கண்டறிந்தால் இவற்றிலிருந்து பிழைத்துக்கொள்பவர்களே அதிகம். நூறு நோயாளிகளைக் கொண்ட இரு கவுண்டிகளில் ஒன்றில் நுரையீரல் நோயாளிகள் மிகுந்தும் மற்றொன்றில் தைராய்டு நோயாளிகள் மிகுந்தும் இருந்தால், ஐந்தாண்டுகள் கழித்து உயிரோடு இருப்பவர்களின் எண்ணிக்கை ஒன்றாக இருக்காது.

இரண்டாவது, எந்தக் கட்டத்தில் கண்டறியப்படுகிறது என்பது. ஊரகவாசிகளின் நோய் முற்றிய நிலையில் கண்டறியப்படுவது அதிகம் என்று பல ஆய்வுகள் காட்டியுள்ளன. மேமோகிராம் என்னும் மார்பக எக்ஸ்ரே எடுக்க ஒரு முழுநாள் கூலியை இழந்து இரண்டு மணி நேரம் கார் ஓட்டிச் செல்ல வேண்டிய பெண், அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுவதை நாம் குறைசொல்ல முடியாது. 2010க்கும் 2021க்கும் இடையே அமெரிக்காவில் 130க்கும் மேற்பட்ட ஊரக மருத்துவமனைகள் மூடப்பட்டன என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

மூன்றாவது, சிகிச்சை கிடைக்கும் விதம். இதற்கு மிக வலுவான சான்று 2018இல் வெளிவந்த ஓர் ஆய்வு. 1986 முதல் 2012 வரை நடந்த, சிகிச்சைகளை நோயாளிகளிடம் ஆராயும் 44 மருத்துவச் சோதனைகளில் பங்கேற்ற ஏறத்தாழ 37,000 புற்றுநோயாளிகளை அது ஆராய்ந்தது. மருத்துவச் சோதனையில் சேர்ந்தவர்கள் எங்கே வசித்தாலும் ஒரே நெறிமுறைப்படி சிகிச்சை பெறுவார்கள். அவ்வாறு ஒரே சிகிச்சை கிடைத்தபோது, ஊரக நோயாளிகளும் நகர நோயாளிகளும் உயிர்பிழைத்த விகிதம் பெரும்பாலும் ஒன்றாகவே இருந்தது. ஊரகவாசியின் உடலில் எந்தக் குறையும் இல்லை; அவரைச் சுற்றியுள்ள மருத்துவ ஏற்பாட்டில்தான் குறை. இந்த ஆய்வு இன்னும் பரவலாக அறியப்பட வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

பரிசோதனை அதிகமானால் நிகழ்வு விகிதம் ஏறுமா, இறங்குமா?

நோயைப் பொறுத்தது. இது புரியாமல் ஊரக–நகர அட்டவணைகளைப் படிப்பதில் பயனில்லை.

சில பரிசோதனைகள் ஏற்கெனவே இருக்கும் புற்றுநோயைக் கண்டுபிடிப்பவை. இரத்தத்தில் பிஎஸ்ஏ என்னும் புராஸ்டேட் புரதத்தின் அளவைப் பார்ப்பது, மேமோகிராம் எடுப்பது, கழுத்தை அல்ட்ராசவுண்டில் பார்ப்பது ஆகியவை அந்த வகை. இவை பெருகினால் பதிவேட்டில் ஏறும் எண்ணிக்கையும் பெருகும்; வாழ்நாள் முழுவதும் தொல்லை தராமலே இருந்திருக்கக்கூடிய சிறு கட்டிகளும் கணக்கில் வந்துவிடும். தைராய்டு இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு. 1975க்கும் 2009க்கும் இடையே அமெரிக்காவில் தைராய்டு புற்றுநோய் விகிதம் ஏறத்தாழ மூன்று மடங்கானது. ஆனால் அதனால் இறப்பவர்களின் விகிதம் ஏறவே இல்லை. புராஸ்டேட்டிலும் இதைக் காணலாம். பிஎஸ்ஏ பரிசோதனையை வழக்கமாகச் செய்ய வேண்டாம் என்று அமெரிக்கத் தடுப்புச் சேவைகள் பணிக்குழு 2012இல் பரிந்துரைத்தது. அதையொட்டிய ஆண்டுகளில் நிகழ்வு விகிதம் இறங்கியது. நோய் குறைந்துவிடவில்லை, தேடுவதுதான் குறைந்தது.

வேறு சில பரிசோதனைகள் புற்றுநோயாக மாறும் முன்பே அதன் வேரைக் களைபவை. குழாய்க் கேமராவால் பெருங்குடலைப் பார்க்கும் கொலோனோஸ்கோபியின்போது அங்கே உள்ள சிறு தசைமொட்டுகளை அங்கேயே அகற்றிவிடலாம். பாப் பரிசோதனை கருப்பைவாயில் தோன்றும் முன்னிலை மாற்றங்களைக் காட்டிக்கொடுக்கிறது. இவை பெருகினால் நிகழ்வு விகிதம் இறங்கும்.

இப்போது இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். மருத்துவ வசதி மிகுந்த நகரத்தில் முதல் வகைப் பரிசோதனைகள் மார்பகம், புராஸ்டேட், தைராய்டு ஆகியவற்றின் விகிதத்தை உயர்த்துகின்றன. இரண்டாம் வகைப் பரிசோதனைகள் பெருங்குடல், கருப்பைவாய்ப் புற்றுநோய்களைக் குறைக்கின்றன. வசதி குன்றிய ஊரகத்தில் இரண்டும் தலைகீழாகின்றன. ஆக, பரிசோதனை வசதி என்ற ஒரே காரணம் ஒரு நோயில் நகரத்தையும் மற்றொரு நோயில் ஊரகத்தையும் மேலே காட்டுகிறது. மொத்த விகிதத்தை மட்டும் பார்ப்பவருக்கு இது தெரியவே தெரியாது.

அப்படியானால் நகரத்து மார்பகப் புற்றுநோய் முழுவதும் பரிசோதனையின் விளைவுதானா?

இல்லை. முதல் குழந்தையை முப்பது வயதுக்குப் பின் பெற்றுக்கொள்வதும், குறைவான குழந்தைகளைப் பெறுவதும் மார்பகப் புற்றுநோய் வாய்ப்பைச் சற்றே கூட்டுகின்றன. உயர்கல்வியும் வேலைவாய்ப்பும் உள்ள நகர்ப்புறப் பெண்களிடம் இவை அதிகம். மது அருந்துதலும் ஒரு காரணம்.

சான் பிரான்சிஸ்கோவுக்கு வடக்கே உள்ள மரின் கவுண்டியை இங்கே குறிப்பிட வேண்டும். செல்வம் மிகுந்த அந்தக் கவுண்டியில் மார்பகப் புற்றுநோய் விகிதம் மாநிலச் சராசரியைவிட மிக உயர்ந்திருந்தது. தண்ணீரிலோ காற்றிலோ ஏதோ கலந்திருக்கிறது என்று மக்கள் அஞ்சினார்கள். அங்கே மாதவிடாய் நின்ற பெண்களிடையே ஹார்மோன் மருந்துப் பயன்பாடும் மிகுதி. 2002 ஜூலையில், இருவகை ஹார்மோன் சேர்ந்த மருந்து மார்பகப் புற்றுநோய் வாய்ப்பைக் கூட்டுகிறது என்று ஒரு பெரும் சோதனை அறிவித்ததும், நாடெங்கும் பெண்கள் அதைக் கைவிட்டார்கள். அடுத்த ஆண்டே நாட்டின் மார்பகப் புற்றுநோய் விகிதம் ஏறத்தாழ 7 சதவீதம் இறங்கியது. மரினில் ஏற்பட்ட இறக்கம் அதைவிடப் பெரியது.

ஊரகங்களில் அதிகமாகக் காணப்படும் புற்றுநோய்கள் எவை?

நுரையீரல், பெருங்குடல்–மலக்குடல், கருப்பைவாய் ஆகிய மூன்றும் முன்னணியில் உள்ளன. பொதுவாகச் சொன்னால், புகையிலையால் வருபவையும், பாலுறவு வழியே பரவும் எச்பிவி என்ற வைரஸின் தொற்றால் வருபவையும் ஊரகங்களில் அதிகம். 2018இல் வெளிவந்த ஒரு தேசிய ஆய்வு இதை உறுதிப்படுத்தியது. நாட்டின் மற்ற வட்டாரங்களில் மொத்த விகிதம் நகரத்தில் உயர்ந்திருக்க, தென் மாநிலங்களில் மட்டும் அந்த நிலை இல்லை என்பதையும் அது காட்டியது.

கென்டக்கி மாநிலத்தைப் பாருங்கள். நுரையீரல் புற்றுநோயில் நாட்டிலேயே முதலிடம் வகிப்பது அதுதான். 120 கவுண்டிகள் கொண்ட அந்த மாநிலத்தில் 54 கவுண்டிகள் அப்பலாச்சிய மலைப்பகுதியைச் சேர்ந்தவை; விகிதம் மிகவும் உயர்ந்திருப்பது அங்கேதான். காரணங்கள் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கின்றன. தலைமுறை தலைமுறையாகப் புகையிலை பயிரிட்ட நிலம் அது. புகைபிடிப்பது வீட்டுப் பழக்கமாகவே இருந்து வந்திருக்கிறது. நிலக்கரிச் சுரங்கத் தூசு நுரையீரலைக் கெடுத்த தொழிலாளர்கள் பலர். போதாக்குறைக்கு, பாறையிலிருந்து வீட்டு நிலவறைக்குள் கசியும் ரேடான் என்னும் கதிர்வீச்சு வாயுவும் உண்டு. அமெரிக்காவில் ஆண்டுக்குச் சுமார் 21,000 நுரையீரல் புற்றுநோய் இறப்புகளுக்கு ரேடான் காரணம் என்று சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை மதிப்பிட்டுள்ளது. புகைபிடிப்பவரின் வீட்டில் ரேடானும் இருந்தால் ஆபத்து பன்மடங்காகும்.

எச்பிவியைப் பொறுத்தவரை வருத்தம் அதிகம், ஏனெனில் தடுப்பூசி 2006 முதல் இருக்கிறது. 2017ஆம் ஆண்டுத் தரவின்படி, பெருநகரப் பகுதிகளுக்கு வெளியே வாழும் பதின்வயதினரில் ஒரு தவணையாவது போட்டுக்கொண்டவர்களின் பங்கு, பெருநகர மையங்களில் உள்ளவர்களைவிட ஏறத்தாழ 11 சதவீதப் புள்ளிகள் குறைவு. அந்த இடைவெளி இருபது, முப்பது ஆண்டுகள் கழித்துப் பதிவேடுகளில் புற்றுநோயாகத் தெரியவரும்.

ஊரகமாக இருப்பதே காரணம் என்று சொல்லலாமா?

சொல்ல முடியாது. யூட்டா மாநிலத்திலும் மலையும் பாலையும் சூழ்ந்த, மருத்துவமனை தொலைவில் உள்ள ஊரகக் கவுண்டிகள் பல உண்டு. ஆனால் அந்த மாநிலத்தின் நுரையீரல் புற்றுநோய் விகிதம் நாட்டிலேயே மிகக் குறைவு. புகையிலையை விலக்கும் மார்மன் சமயத்தினர் அங்கே மிகுதியாக வாழ்வதே முதன்மைக் காரணம்.

வறுமையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பல பத்தாண்டுகளாக மக்களில் ஐந்தில் ஒரு பங்கினரோ அதற்கு மேற்பட்டோரோ வறுமையில் வாழும் கவுண்டிகளை நீடித்த வறுமைக் கவுண்டிகள் என்பார்கள். அவற்றில் பெரும்பாலானவை ஊரகங்கள். மற்ற கவுண்டிகளைவிட அங்கே புற்றுநோய் இறப்பு விகிதம் 12 சதவீதம் அதிகம் என்று 2020இல் வெளியான ஓர் ஆய்வு கண்டறிந்தது. பெருங்குடல் புற்றுநோய் இறப்பு குவிந்திருக்கும் பகுதிகளாக வரைபடத்தில் அடையாளம் காணப்பட்டவை மிசிசிப்பி ஆற்றின் கீழ்ப் படுகை, அப்பலாச்சியாவின் மேற்கு நடுப்பகுதி, வர்ஜீனியா–வட கரோலினா எல்லையின் கிழக்குப் பகுதி ஆகிய மூன்று. முதலாவதிலும் மூன்றாவதிலும் கறுப்பின மக்கள் அதிகம். இரண்டாவதில் வெள்ளையரே மிகுதி. இன வரலாறும் வறுமையும் வசதியின்மையும் ஒவ்வோர் இடத்திலும் வெவ்வேறு விதமாகக் கலந்திருக்கின்றன.

பழங்குடியினரைத் தனியாகச் சொல்ல வேண்டும். அலாஸ்காவின் பூர்வகுடி மக்களிடையே பெருங்குடல் புற்றுநோய் விகிதம் உலகிலேயே மிக உயர்ந்தவற்றுள் ஒன்று. ஆனால் நாட்டின் பல பகுதிகளில் பழங்குடி நோயாளிகள் பதிவேட்டில் வெள்ளையர் என்றே தவறாகக் குறிக்கப்பட்டுவந்தார்கள். அதனால் அவர்களின் உண்மையான சுமை குறைத்துக் காட்டப்பட்டது. பதிவேடுகளை, அமெரிக்கப் பழங்குடியினருக்கு மருத்துவம் அளிக்கும் அரசின் இந்தியர் சுகாதாரச் சேவையின் பட்டியலோடு ஒப்பிட்டுச் சரிசெய்த பிறகே உண்மை வெளிவந்தது.

பூச்சிக்கொல்லி மருந்துகள் ஊரகப் புற்றுநோய்க்குக் காரணமா?

ஓரளவுக்கு, சில நோய்களில். இதை ஆராய்வதற்காகவே அயோவா, வட கரோலினா மாநிலங்களில் 1993இல் வேளாண் சுகாதார ஆய்வு தொடங்கப்பட்டது. உழவர்கள், அவர்களின் வாழ்க்கைத் துணைவர்கள், மருந்து தெளிப்பதையே தொழிலாகக் கொண்டவர்கள் என ஏறத்தாழ 89,000 பேரை அது பல பத்தாண்டுகளாகத் தொடர்ந்து கவனித்துவருகிறது. பங்கேற்ற உழவர்களிடையே மொத்தப் புற்றுநோய் பொதுமக்களைவிடக் குறைவு. அவர்கள் குறைவாகப் புகைபிடிப்பதும் உடலுழைப்பு மிகுந்திருப்பதும் அதற்குக் காரணங்கள். ஆனால் புராஸ்டேட் புற்றுநோயும் சில வகை இரத்தப் புற்றுநோய்களும் அவர்களிடம் அதிகம். குறிப்பிட்ட சில பூச்சிக்கொல்லிகளுக்கும் குறிப்பிட்ட புற்றுநோய்களுக்கும் தொடர்பு இருப்பதும் தெரியவந்துள்ளது.

அயோவாவின் நிலை கவலைக்குரியது. அந்த மாநிலப் பதிவேட்டின் 2024 அறிக்கையின்படி, நிகழ்வு விகிதத்தில் நாட்டிலேயே இரண்டாமிடம் அதற்குத்தான். மற்ற மாநிலங்களில் பெரும்பாலானவற்றில் விகிதம் இறங்கியோ நிலைத்தோ இருக்க, அங்கே ஏறிக்கொண்டிருக்கிறது. வயல்வெளி மாநிலம் என்பதால் எல்லோரும் உடனே உரத்தையும் மருந்தையும் சுட்டுகிறார்கள். அந்த ஐயம் ஆராயப்பட வேண்டியதே. ஆனால் அந்த அறிக்கை முதன்மைப்படுத்தியது மதுவை. அயோவாவின் 99 கவுண்டிகளும் ரேடான் ஆபத்து மிக அதிகமுள்ள முதல் மண்டலத்தில் இருக்கின்றன. ஒரே குற்றவாளியைத் தேடும் ஆசை இயல்பானது. ஆனால் அது மற்றவற்றிலிருந்து கவனத்தைத் திருப்பிவிடும்.

தொழிற்சாலைகள் சூழ்ந்த பகுதிகள்?

லூசியானா மாநிலத்தில் பேட்டன் ரூஜுக்கும் நியூ ஆர்லியன்ஸுக்கும் இடையே, மிசிசிப்பி ஆற்றங்கரையில் சுமார் 85 மைல் நீளத்திற்குப் பெட்ரோலிய, வேதிப்பொருள் ஆலைகள் அடர்ந்திருக்கின்றன. அங்கே வாழ்பவர்கள் அதைப் புற்றுநோய்ச் சந்து என்று அழைக்கிறார்கள். லூசியானாவில் கவுண்டிகளுக்குப் பெயர் பாரிஷ். பாரிஷ் அளவில் பார்த்தால் விகிதம் மாநிலச் சராசரியிலிருந்து பெரிதாக விலகவில்லை என்று நெடுங்காலமாகச் சொல்லப்பட்டுவந்தது. ஆலையின் வேலியை ஒட்டி வாழும் சில நூறு குடும்பங்களின் நிலை பல்லாயிரம் பேர் கொண்ட பாரிஷ் சராசரியில் எப்படித் தெரியும்? மக்களின் வற்புறுத்தலுக்குப் பின் சிறு வட்டார அளவிலும் தரவுகள் வெளிவரத் தொடங்கின. 2022இல் வெளியான ஓர் ஆய்வு, அந்த மாநிலத்தின் வறிய வட்டாரங்களில் காற்று மாசுக்கும் உயர்ந்த புற்றுநோய் விகிதத்திற்கும் தொடர்பு இருப்பதைக் காட்டியது.

எங்கள் சிறிய கவுண்டியில் விகிதம் ஒரே ஆண்டில் இரட்டிப்பாகிவிட்டது. நாங்கள் அஞ்ச வேண்டுமா?

உடனே அஞ்ச வேண்டியதில்லை; ஆனால் உங்கள் கேள்வியை யாரும் புறக்கணிக்கவும் கூடாது. 2,000 பேர் வாழும் கவுண்டி ஒன்றை எடுத்துக்கொள்வோம். விகிதம் ஒரு லட்சத்திற்கு 450 என்றால், ஆண்டுக்கு 9 புதிய நோயாளிகளை எதிர்பார்க்கலாம். எந்தக் காரணமும் இல்லாமல், வெறும் தற்செயலாலேயே ஓர் ஆண்டில் 6 பேரும் அடுத்த ஆண்டில் 12 பேரும் வரக்கூடும். விகிதமாக எழுதினால் அது 300இலிருந்து 600 ஆகிறது. ஒரு கோடிப் பேர் வாழும் லாஸ் ஏஞ்சலஸில் இத்தகைய தாவல் நடக்கவே முடியாது.

புள்ளியியல் வகுப்புகளில் இதற்கு ஒரு புகழ்பெற்ற எடுத்துக்காட்டு உண்டு. 1980களில் சிறுநீரகப் புற்றுநோய் இறப்பு மிகக் குறைவாக இருந்த கவுண்டிகளை வரைபடத்தில் வண்ணமிட்டால், அவை பெரும்பாலும் மக்கள்தொகை குறைந்த ஊரகங்களாக இருந்தன. மிக அதிகமாக இருந்தவற்றை வண்ணமிட்டால், அவையும் அதே வகை ஊரகங்களே! பட்டியலின் இரு முனைகளையும் சிறு கவுண்டிகளே பிடித்துக்கொள்கின்றன. அதனால்தான் ஆய்வாளர்கள் ஐந்து ஆண்டுகளின் எண்ணிக்கையைச் சேர்த்தும், ஒரே குறியீட்டைக் கொண்ட பல கவுண்டிகளை ஒன்றாக்கியும் பார்க்கிறார்கள்.

ஆனால், அரிதான ஒரே வகைப் புற்றுநோய் பலருக்கு வந்தாலோ, வழக்கத்திற்கு மாறாக இளம் வயதினரைத் தாக்கினாலோ, அதை மாநிலச் சுகாதாரத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும்.

எங்கள் கவுண்டிக்கு நேரே எண்ணே இல்லையே?

தேசிய இணைய அட்டவணையில், குறிப்பிட்ட காலப்பகுதியில் 16க்கும் குறைவான நோயாளிகள் இருந்தால் எண்ணை வெளியிடுவதில்லை. தனிநபர்களின் அடையாளம் வெளிப்படக் கூடாது, நிலையற்ற விகிதம் தவறான முடிவுக்கு இட்டுச்செல்லக் கூடாது என்பவை காரணங்கள்.

2020இல் மட்டும் விகிதம் ஏன் விழுந்தது?

கொரோனாவால் பரிசோதனைகள் நின்றுபோனதால். போக்கைக் கணக்கிடும்போது அந்த ஆண்டை விட்டுவிடுவது வழக்கம்.

இடைவெளி குறைந்துவருகிறதா?

வருந்தத்தக்க விடைதான். 1995 முதல் 2013 வரையிலான தரவை ஆராய்ந்த, மேலே சொன்ன 2018 தேசிய ஆய்வின்படி, மொத்த நிகழ்வு விகிதம் நகரங்களில் 10.2 சதவீதம் இறங்கியிருக்க, ஊரகங்களில் 4.8 சதவீதமே இறங்கியது. எச்பிவி சார்ந்த புற்றுநோய்கள் நகரங்களில் நிலையாக இருக்க, ஊரகங்களில் ஏறின. இறப்பு விகிதத்திலும் இதே போக்குதான்: சிடிசி அறிக்கையின்படி, 2006க்கும் 2015க்கும் இடையே பெருநகரக் கவுண்டிகளில் ஆண்டுக்கு 1.6 சதவீதம் குறைந்த இறப்பு, மற்ற கவுண்டிகளில் 1.0 சதவீதம் மட்டுமே குறைந்தது.

மாற்றிக் காட்டிய இடம் ஏதேனும் உண்டா?

கென்டக்கியே உண்டு. பெருங்குடல் புற்றுநோயில் நாட்டின் மிக மோசமான நிலையில் இருந்த அந்த மாநிலத்தில், 1999இல் உரிய வயதினருள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் மட்டுமே பெருங்குடல் பரிசோதனை செய்துகொண்டிருந்தார்கள். மாநிலப் பதிவேடு கவுண்டிவாரியாக எண்களைக் கொடுத்தது. வட்டாரக் குழுக்கள் அவற்றை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகச் சென்றன. காப்பீடு இல்லாதவர்களுக்காக 2008இல் சட்டமன்றம் ஒரு பரிசோதனைத் திட்டத்தை உருவாக்கியது. அதே ஆண்டில் பரிசோதனை செய்துகொண்டவர்களின் பங்கு 60 சதவீதத்தைக் கடந்திருந்தது. தொடர்ந்து நிகழ்வு விகிதமும் இறப்பு விகிதமும் இறங்கின. நுரையீரலுக்கும் இப்போது குறைந்த கதிர்வீச்சு சிடி ஸ்கேன் மூலம் அதே முயற்சி அங்கே நடக்கிறது; 50 முதல் 80 வயதுக்குள் இருந்து, நாளொன்றுக்கு ஒரு பெட்டி வீதம் இருபது ஆண்டுகள் புகைத்த அளவுக்குப் புகைத்து, இன்னும் புகைப்பவர்களுக்கும் 15 ஆண்டுகளுக்குள் நிறுத்தியவர்களுக்கும் 2021 முதல் அது பரிந்துரைக்கப்படுகிறது.

எங்கள் கவுண்டியின் எண்களை நாங்களே எப்படிப் படிப்பது?

தேசியப் புற்றுநோய் நிறுவனமும் சிடிசியும் சேர்ந்து நடத்தும் மாநிலப் புற்றுநோய் விவரங்கள் என்ற தளத்தில் ஒவ்வொரு கவுண்டியின் விகிதமும் கிடைக்கும். மொத்த எண்ணை விட்டுவிட்டு, நுரையீரல், பெருங்குடல், கருப்பைவாய், மார்பகம், புராஸ்டேட் ஆகியவற்றைத் தனித்தனியே பாருங்கள். விகிதத்திற்குப் பக்கத்தில் தரப்பட்டிருக்கும் நம்பக இடைவெளி, அதாவது உண்மையான விகிதம் இருக்கக்கூடிய வரம்பு, அகலமாக இருந்தால், அந்த எண்ணை வைத்து அண்டைக் கவுண்டியோடு போட்டியிட வேண்டாம். பிறகு, அதே கவுண்டியின் இறப்பு விகிதத்தையும், நோய் முற்றிய கட்டத்தில் கண்டறியப்பட்டவர்களின் விகிதத்தையும் எடுத்து அருகில் வையுங்கள். மார்பகப் புற்றுநோயின் நிகழ்வு தாழ்ந்தும் இறப்பு உயர்ந்தும் இருந்தால், உங்கள் கவுண்டி சுகாதார அலுவலரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, மேமோகிராம் எடுக்க மிக அருகில் உள்ள இடம் எத்தனை மைல் தொலைவில் இருக்கிறது என்பதே.